குழந்தைக்கு வயசு 44

“குழந்தைக்கு வயசு என்ன மேடம்?”

“நாற்பத்து நாலு.”

மறுமுனையில் பேச்சில்லை. அங்கே ஒரு ஃபேன் கிறீச் கிறீச் என்று சுற்றுவது மட்டும் கேட்டது. எனக்கு எப்போதும் பேச்சைவிட இந்த மாதிரிச் சத்தம்தான் முதலில் காதில் விழும். “நாலு வருஷம் நாலு மாசமா?” என்று அந்தப் பெண் ஹிந்தியில் இன்னொரு தடவை கேட்டார். இல்லை, நாற்பத்து நான்கு வருஷம், குழந்தை நான்தான் என்றேன். “பதினெட்டு வரைக்கும்தான் பார்ப்போம் மேடம்” என்றார். பாவம், ஸாரியும் சொல்லிவிட்டுத்தான் வைத்தார். 2023இல், மும்பையில், ஆட்டிசம் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக நான் போட்ட ஐந்தாவது போன் அது. ஏழாவது போனில்தான் பெரியவர்களையும் பார்க்கிற ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் கிடைத்தார்.

இந்த வயசில் இதைத் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று என் சித்தி கேட்டாள். கல்யாணமா ஆகப்போகிறது என்பது அதற்குள் இருக்கும் இன்னொரு கேள்வி. சித்திக்கு நான் பதில் சொல்லவில்லை. இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

நான் செம்பூர்க்காரி. ஃபோர்ட் பக்கம் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. இருபது வருஷமாக ஹார்பர் லைன் லோக்கல் ரயில். ஃபோர்ட் பக்கத்து சிஎஸ்எம்டி ஸ்டேஷனில் ஏறினால் மஸ்ஜித், சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு, டாக்யார்ட் ரோடு, ரே ரோடு, காட்டன் கிரீன், சிவ்ரி, வடாலா, ஜிடிபி நகர், சுனாபட்டி, குர்லா, திலக் நகர், செம்பூர். கூட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு இதை முன்னும் பின்னுமாகச் சொல்லிக்கொண்டே வருவேன், மற்றவர்கள் சாமி பெயர் சொல்வதைப் போல. எல்லோரும் இப்படித்தான் ஏதாவது சொல்லிக்கொண்டு வருவார்கள் என்று வெகுநாள் நினைத்திருந்தேன்.

2022 ஜூலையில் ஒரு சாயங்காலம். நல்ல மழை. லேடீஸ் டப்பாவில் ஈரத்துணி வாடை. ஒருத்தி போனில் சீரியலைச் சத்தமாக வைத்திருந்தாள். ஜன்னல் பக்கம் நாலு பேர் ஜால்ரா தட்டி பஜனை பாடினார்கள். அதற்கு மேல் மூன்று மொழியில் அடுத்த ஸ்டேஷன் அறிவிப்பு. தினமும் உள்ளதுதான். அன்றைக்கு மட்டும் எல்லாச் சத்தமும் ஒரே அளவில் உள்ளே வந்தது. எது பக்கத்தில், எது தூரத்தில் என்று பிரியவில்லை. சுனாபட்டியில் இறங்கிவிட்டேன்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண் வந்து “க்யா ஹுவா தீதி?” என்றாள். பதில் மனசில் இருக்கிறது, வாய்க்கு வரவில்லை. மராத்தியில் கேட்டாள். அதற்கும் வரவில்லை. தன் தண்ணீர் பாட்டிலை என் மடியில் வைத்துவிட்டு அடுத்த வண்டியில் ஏறிப் போனாள். அப்புறம் அம்மா போன். “ஏட்டி, எங்க இருக்க? மழை இந்தப் போடு போடுது.” தமிழும் வரவில்லை. அம்மா ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டே இருக்கிறாள், நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு துப்பட்டா நுனியைச் சுருட்டிச் சுருட்டி விடுகிறேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பிறகு எதுவும் நடக்காத மாதிரி பேச்சு திரும்பி வந்தது. ஒரு வடாபாவ் வாங்கித் தின்றுவிட்டு வீட்டுக்குப் போய், சிக்னல் இல்லை என்று அம்மாவிடம் பொய் சொன்னேன்.

அன்று ராத்திரி தூங்கவில்லை. ஹிந்தி வரவில்லை, மராத்தி வரவில்லை என்றால் போகட்டும். தமிழ் எப்படி வராமல் போகும்?

இந்தக் கேள்வி ஏன் என்னை அப்படி ஆட்டியது என்று சொல்ல வேண்டும். சின்ன வயசிலிருந்தே எனக்கு மொழிதான் சாக்கு. பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் நின்றால், “மதராஸி, அவளுக்குப் புரியாது” என்பார்கள். அப்பாடா என்று இருக்கும். ஆபீஸில் கேலியை நிஜமென்று எடுத்துக்கொண்டு நான் விளக்கம் சொன்னால், சவுத் இந்தியர்கள் இப்படித்தான் சீரியஸ் என்று விட்டுவிடுவார்கள். லீவுக்குத் திருநெல்வேலி போனால் அங்கே நான் பம்பாய்க்காரி. பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்காமல் இருந்தாலும், பேசுகிறவர் முகத்தைப் பார்க்காமல் காதைப் பார்த்துப் பேசினாலும், “பம்பாய்ல வளர்ந்த பிள்ள, நம்ம பழக்கம் தெரியாது” என்று பாட்டி எனக்கு முன்னால் பதில் சொல்லிவிடுவாள். இரண்டு ஊரிலும் நான் வெளியூர். வெளியூர்க்காரிக்கு எல்லாத் தப்பும் மன்னிப்பு.

சாக்கு இல்லாத இடம் ஒன்றே ஒன்றுதான். மாட்டுங்காவில் நடக்கும் தமிழ்க் கல்யாணங்கள், விழாக்கள். அங்கே எல்லோரும் என்னைப் போல இரண்டும்கெட்டான் தமிழர்கள்தான். பம்பாயில் வளர்ந்தவர்கள், தமிழ் பேசுகிறவர்கள், என் வயசு. அவர்கள் ஒருவர் பேச்சில் ஒருவர் புகுந்து, தோளைத் தட்டி, சட்டென்று மராத்திக்குத் தாவித் திரும்பி வருவார்கள். எனக்கு எப்போது வாயைத் திறக்க வேண்டும் என்பதே பிடிபடாது. அங்கே போய்வந்தால் இரண்டு நாள் தலைவலி. சாம்பாரில் ஏதோ சேரவில்லை என்று அம்மா சொல்வாள். நானும் சாம்பார்தான் என்று நம்பினேன்.

சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிற இன்னொரு விஷயமும் உண்டு. 2020 மார்ச்சில் லோக்கல் வண்டிகள் நின்றபோது, ஊரே பயந்து கிடந்தபோது, நான் நன்றாக இருந்தேன். வருஷக்கணக்காக வாரம் இரண்டு தடவை வந்த தலைவலி காணாமல் போயிற்று. மீட்டிங் எல்லாம் கேமராவை அணைத்துவிட்டு, கேள்வியெல்லாம் மெயிலில். தாராவியிலிருந்து ஜனங்கள் ஊருக்குப் போக வழியில்லாமல் தவித்ததை டிவியில் பார்த்துக்கொண்டே, எனக்கு மட்டும் ஏன் இது லீவு மாதிரி இருக்கிறது என்று குற்ற உணர்ச்சியாக இருந்தது. திரும்ப ஆபீஸ் போக ஆரம்பித்ததும்தான், முன்னாலெல்லாம் எவ்வளவு தாங்கிக்கொண்டு இருந்தேன் என்பது தெரிந்தது. சுனாபட்டி அதன் முடிவு.

சரி, ஆட்டிசத்தைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். முதலில் கண்ணில் பட்ட தமிழ்ச் சொல்லே என்னை விரட்டிவிட்டது. மதியிறுக்கம் என்கிறார்கள். அரசாங்கக் காகிதங்களில் இன்னும் நீளமாக, புற உலகச் சிந்தனையற்ற மதி இறுக்கமுடையோர். எனக்கா புற உலகம் இல்லை? பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜ் எத்தனை நிமிஷத்துக்கு ஒருமுறை ஓடி நிற்கும் என்று சொல்லுவேன். புற உலகம் கதவைத் தட்டாமல் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்வதுதான் பிரச்சினையே. இந்தப் பெயரை வைத்தவர் வெளியிலிருந்து பார்த்து வைத்திருக்கிறார். அதனால் நான் ஆட்டிசம் என்றே எழுதுகிறேன்.

லியோ கேனர் என்ற மனநல டாக்டர் 1943இல் அமெரிக்காவில் ஆட்டிசத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில் இருந்தவர்கள் 11 குழந்தைகள். எட்டுப் பையன்கள், மூன்று பெண்கள். அடுத்த வருஷம் வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் என்ற டாக்டர், பேச்சும் படிப்பும் நன்றாக வருகிற, ஆனால் கூட்டத்தில் ஒட்டாத பிள்ளைகளைப் பற்றி எழுதினார். அதைப் பற்றி லோர்னா விங் என்ற டாக்டர் லண்டனில் 1981இல் எழுதிய பிறகுதான் ஆங்கில உலகம் ஆஸ்பெர்கரைக் கவனித்தது. அப்போது எனக்கு இரண்டு வயசு. செம்பூரில் என்னைப் பார்த்து யாருக்கும் இது தோன்றியிருக்க வழியே இல்லை. சத்தம், வெளிச்சம், துணி உடம்பில் உரசுவது இவை அதிகமாகத் தாக்குவதோ கொஞ்சமும் தாக்காததோ ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்று என்று அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு சேர்த்துக்கொண்டது 2013இல்தான். ஆஸ்பெர்கர் என்ற தனிப்பெயரை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே ஸ்பெக்ட்ரமாக ஆக்கியதும் அப்போதுதான். அதே கையேட்டில் ஒரு வரி இருக்கிறது. அறிகுறிகள் சின்ன வயசிலேயே இருந்திருக்க வேண்டும், ஆனால் வாழ்க்கை கேட்பது தாங்கும் சக்தியை மீறும்வரை முழுசாகத் தெரியாமல் இருக்கலாம், கற்றுக்கொண்ட உத்திகள் அவற்றை மறைத்தும் வைக்கலாம் என்று. அதைப் படித்துவிட்டுப் போனைக் கீழே வைத்தேன்.

கற்றுக்கொண்ட உத்திகள். மாஸ்கிங் என்கிறார்கள். என்னிடம் ஒரு நோட்டே இருந்தது. கல்யாண வீட்டில் “பொண்ணு லட்சணமா இருக்கா”. குழந்தை பார்க்கப் போனால் “யார் ஜாடை?”. ஆபீஸில் திங்கட்கிழமை “வீக்எண்ட் எப்படிப் போச்சு?”. கேட்டுவிட்டு, பதில் வரும்போது மூன்று தடவை தலையாட்ட வேண்டும். கண்ணைப் பார்க்க முடியாவிட்டால் புருவத்துக்கு நடுவில் பொட்டைப் பார்க்க வேண்டும். பொட்டு வைக்காதவர்களிடம் கொஞ்சம் கஷ்டம். இத்தனையிலும் எனக்கு நிம்மதியாக இருக்கும் ஒரே விசேஷம், சொன்னால் அடிக்க வருவீர்கள், துட்டி வீடு, அதாவது சாவு வீடு. அங்கே எல்லாவற்றுக்கும் விதி இருக்கிறது. போக வேண்டும், கையைப் பிடிக்க வேண்டும், பேசாமல் உட்கார வேண்டும், சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வர வேண்டும். யாரும் “ஏன் உம்முன்னு இருக்க?” என்று கேட்கமாட்டார்கள்.

அப்புறம் அந்த 50 கேள்வி. ஆட்டிசக் குணங்கள் எவ்வளவு என்று பார்க்க, கேம்பிரிட்ஜில் சைமன் பேரன்-கோஹன் என்ற ஆராய்ச்சியாளரின் குழு 2001இல் போட்டது, ஏக்யூ என்பார்கள். நெட்டில் கிடைக்கிறது. வண்டிகளின் நம்பர் பிளேட்டைக் கவனிப்பதுண்டா என்று ஒரு கேள்வி. எங்கள் பில்டிங்கில் நிற்கிற 31 வண்டிகளின் நம்பரும் எனக்கு மனப்பாடம், இதை ஒரு கேள்வி என்று கேட்பார்களா என்று ஆச்சரியமாக இருந்தது. நாடகத்துக்குப் போவீர்களா, மியூசியத்துக்கா என்று இன்னொன்று. எந்த மியூசியம்? ஞாயிற்றுக்கிழமையா, கூட்டம் இருக்குமா? இந்த ஒரு கேள்வியில் பதினைந்து நிமிஷம் நின்றேன். அப்படி நின்றதே பாதி பதில் என்று பிற்பாடு சைக்காலஜிஸ்ட் சொல்லிச் சிரித்தார். அந்த ஆய்வில் ஆட்டிசம் உள்ளவர்களில் 80 சதவீதம் பேர் 32 அல்லது அதற்கு மேல் எடுத்தார்கள், மற்றவர்களில் 2 சதவீதம். எனக்கு 38. ஆனால் இதை வைத்து யாரும் முடிவுக்கு வந்துவிடக் கூடாது. பதற்ற நோய் இருந்தாலும், ஒரே எண்ணம் விடாமல் சுற்றுகிற ஓசிடி இருந்தாலும், கவனம் ஓரிடத்தில் நிற்காத ஏடிஹெச்டி இருந்தாலும் இதில் நம்பர் ஏறும். நெட் டெஸ்ட் கதவைத் தட்டச் சொல்லும், அவ்வளவுதான்.

கதவைத் தட்டப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எதுவும் கிடையாது. இருக்கிறது என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் ரீஹாபிலிடேஷன் கவுன்சில் ஆஃப் இந்தியாவில், அதாவது ஆர்சிஐயில், பதிவு இருக்க வேண்டும். தாராளமாகக் கேட்கலாம், கோபப்படமாட்டார்கள். எனக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் இரண்டு மணி நேரம் ஆயிற்று. பேச்சு, கேள்வித்தாள்கள், பிறகு சின்ன வயசைப் பற்றி என்னைத் தெரிந்த ஒருவரிடம் விசாரணை. முடிவில் ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம், கூடவே பதற்றம் என்று எழுதிக் கொடுத்தார். பதற்றத்துக்கு மாத்திரை உண்டு. ஆட்டிசத்துக்கு மாத்திரை கிடையாது.

2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. சான்றிதழுக்குப் போகவா என்று யோசித்தேன். அதற்கான இந்திய அளவுகோலில் 40 கேள்விகள். வாசித்தால் எல்லாம் ஒரு பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்த்து எழுதிய மாதிரி இருக்கிறது. இப்போதைக்கு வேண்டாம் என்று வைத்திருக்கிறேன். ஆபீஸில் மேனேஜரிடம் மட்டும் சொன்னேன். “நீங்களா? நீங்க நல்லாத்தானே பேசுறீங்க” என்றார். நோட்டைக் காட்டவா என்று நினைத்தேன், காட்டவில்லை. இப்போது வேலையை மெயிலில் தருகிறார். டியூப்லைட்டுக்கு நேர்கீழே இருந்த என் மேஜையை ஜன்னல் பக்கம் மாற்றிக்கொண்டேன். 9 மணி வண்டியை விட்டுவிட்டு 7:20க்குப் போகிறேன், காதில் சத்தத்தை அடைக்கிற ஹெட்ஃபோன். மாட்டுங்கா கல்யாணம் என்றால் முகூர்த்தத்துக்கு மட்டும், சாப்பிடாமல் வந்துவிடுவேன். சாம்பாரின் மேல் பழி போய்விட்டது.

டேமியன் மில்டன் என்று ஒரு பிரிட்டிஷ் சமூகவியலாளர். அவரே ஆட்டிசம் உள்ளவர். 2012இல் அவர் எழுதியதைத்தான் நான் அதிகமாக நினைத்துக்கொள்கிறேன். ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவர்களைப் புரிவதில்லை என்கிறீர்களே, மற்றவர்களுக்கு அவரைப் புரிகிறதா, இது இரண்டு பக்கமும் உள்ள கோளாறுதானே என்கிறார். எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரு மராத்திக்காரரும் ஒரு தமிழரும் பேசிப் புரியாமல் போனால், தப்பு தமிழருடையது என்று மும்பையில் சொல்வார்கள். அதே இரண்டு பேர் திருநெல்வேலி ஜங்ஷனில் நின்றால் தப்பு இடம் மாறிவிடும்.

விசாரணைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனதைச் சொல்லவில்லையே.

சைக்காலஜிஸ்ட் மராத்திப் பெண், தமிழ் தெரியாது. அம்மாவுக்கு ஐம்பது வருஷ பம்பாய் வாழ்க்கையில் கற்ற காய்கறிக்கடை ஹிந்தி. கேட்டால் புரியும், நீளமாகப் பேச வராது. ஆகவே அம்மா என்னைப் பற்றிச் சொல்லச் சொல்ல, நானே அதை ஹிந்தியில் மாற்றிச் சொல்ல வேண்டும். என் குற்றப்பத்திரிகையை நானே வாசித்த மாதிரி.

“சொப்புச் சாமான் வாங்கிக் குடுத்தா இவ சமைச்சு வெளாட மாட்டா. சின்னது பெருசுன்னு வரிசையா அடுக்குவா. எவளாவது தொட்டா கடிச்சி வச்சிருவா” என்றாள் அம்மா, பெருமையாக. மாற்றிச் சொன்னேன். “எங்க தம்பி ஊர்ல இருந்து வந்திருந்தான். கிளம்பும்போது போயிட்டு வாரேன்னு சொன்னான். இவ வாசப்படியில போய் உக்காந்துக்கிட்டா. மாமா வாரேன்னு சொல்லியிருக்காவ, வந்தப்புறம்தான் சாப்பிடுவேன்னுட்டா. அவன் ரயில்ல சோலாப்பூர் தாண்டியிருப்பான், இவ ராத்திரி பத்து மணி வரைக்கும் எந்திரிக்கல.” இதை எப்படிச் சொல்வது என்று நான் தடுமாறியபோது சைக்காலஜிஸ்டே கையைக் காட்டி நிறுத்தினார். “புரிஞ்சது. நாங்களும் கிளம்பும்போது ‘யேதே’ன்னுதான் சொல்லுவோம். வர்றேன்னு.” ரொம்ப நேரம் எழுதினார்.

அடுத்து, தினமும் ஒரே மாதிரி நடக்க வேண்டும் என்ற பிடிவாதம் உண்டா, துணிமணியில் தொந்தரவு உண்டா என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள்.

“இது இவ அப்பாவுக்கும் உண்டு. அதையும் எழுதிக்கிடச் சொல்லு.”

அப்பா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அவரை இனி யாரும் பரிசோதிக்க முடியாது. இதில் மரபுக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அதற்காக இறந்தவர்மேல் சீட்டு ஒட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. சைக்காலஜிஸ்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஆனால் அம்மா நிறுத்தவில்லை. ஸ்டெனோவாக முப்பது வருஷம் 8:12 வண்டியில் போனார். வண்டியை விட்டால் அடுத்ததில் ஏறாமல் வீட்டுக்கே திரும்பி வந்துவிடுவார். புதுச் சட்டை வாங்கினால் முதல் வேலை, ஷேவிங் பிளேடால் கழுத்துப்பட்டியின் சீட்டை நூல்நூலாக அறுத்து எடுப்பது. ஆபீஸில் சாமியார் என்று பெயர். ராத்திரி செலவுக் கணக்கு எழுதும்போது பென்சிலைக் கன்னத்தில் உருட்டிக்கொண்டே இருப்பார். அந்த நேரம் அம்மா கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்.

“அவுகளுக்கு என்னைப் பிடிக்கலன்னு நெனச்சிட்டு இருந்தேன்” என்றாள் அம்மா. “முப்பத்தெட்டு வருஷமும்.”

சைக்காலஜிஸ்ட் என்னைப் பார்த்தார். “அம்மா என்ன சொல்றாங்க?”

“அப்பா அதிகம் பேசமாட்டார்னு சொல்றாங்க” என்றேன் ஹிந்தியில்.

அம்மாவுக்கு அந்த அளவு ஹிந்தி புரியும். ஒன்றும் சொல்லவில்லை.